கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால்

2012-ஆம் வருடம், மழை ஓய்ந்த சமயம். நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவாகியிருந்தது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குவைத்தில் இருக்கும் தம்பி போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"அக்கா, நல்லதா பாத்து ஒரு ஆல்பத்துக்கு மட்டும் எடுத்து ஸ்கேன் பண்ணிரு. மத்ததெல்லாம் தீயில போடு. புது வீட்டுக்கு ஒரு கரையான்கூட வரப்படாது."

சொல்வது சுலபம். வேலை என் தலையில்தான் விழுந்தது. இரும்புப் பெட்டிகள் நிறைய போட்டோக்கள். யாருடையது என்றே தெரியாத கல்யாணங்கள், தலை பாதி வெட்டுப்பட்ட பங்குச்சாமியார், யாருடைய காரிலோ சாய்ந்து நின்று தனது கார்போலச் சிரிக்கும் தம்பி. நான் கழிப்பதில் கெட்டிக்காரி. மளமளவென்று தள்ளிவிட்டிருப்பேன், அம்மா விட்டால்தானே.

"கழிக்கதெல்லாம் எனக்கு ஒருக்கா காட்டிட்டு கட்டு, கேட்டியா?" என்றாள்.

காட்டினால் சும்மா பார்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். ஆல்பத்தில் ஒட்டியிருந்தவற்றை நகத்தால் கிளப்பி, அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, பிறகு சந்தேகமாகவும் ஆகிவிட்டது. அம்மா எதையோ நான் பார்ப்பதற்குள் எடுத்து ஒளிக்கப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

"என்னம்மா தேடுக?"

"ஒண்ணுமில்லட்டி. சும்மா பாக்கேன்."

அப்பாவின் அடக்கத்தன்று எடுத்த போட்டோ பல பிரதிகள் கிடந்தன. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். சவப்பெட்டியை எடுப்பதற்கு முன் குடும்பமே சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். இறந்தவர் முகம் தெரியும்படி தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். தலைமாட்டில் உட்காருவது மனைவி அல்லது தாய். மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். தம்பிக்கு லீவு கிடைக்காததால் அவனுக்கு அப்படி ஒன்று அனுப்பியிருந்தோம். மிச்சத்தை அம்மாவே தள்ளிவைத்தாள்.

"இது வர முடியாதவங்களுக்காக எடுக்கதுதானே. நான் பக்கத்துலயே இருந்தேன், எனக்கு எதுக்கு?" என்றாள்.

மறுநாள் காலை அம்மா சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த அவர்களுடைய கல்யாணப் போட்டோவின் சட்டத்தைக் கரையான் அரித்திருந்தது. கழற்றிப் பின்பலகையை நீக்கினேன். உள்ளே இன்னொரு போட்டோ இருந்தது.

கருப்பு வெள்ளை. ஒரு சின்னஞ்சிறு பெட்டி. அதில் ஒன்றரை வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் குழந்தை. பின்னால் இளவயது அப்பா நிற்கிறார், முகம் வீங்கியிருக்கிறது. தாய் உட்கார வேண்டிய தலைமாட்டில் நான் பார்த்தே இராத ஒரு பெண், குழந்தையின் நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அம்மா எங்குமே இல்லை.

அந்தச் சட்டத்தை வேறு யாரும் தொட அப்பா விட்டதில்லை. அவரேதான் இறக்கித் துடைத்து மாட்டுவார். வருடந்தோறும் கல்லறைத் திருநாளன்று எங்களோடு இங்கே தாத்தா பாட்டி கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, அவர் மட்டும் குழித்துறைக்குப் பஸ் ஏறுவார். கேட்டால், பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்க்க என்பார். சிநேகிதனைப் பார்க்கப் போகிறவர் கையில் எதற்கு மெழுகுவர்த்திப் பொட்டலம் என்று அத்தனை வருடமும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எல்லாம் கோர்வையாகச் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு வேறொரு குடும்பம் இருந்திருக்கிறது.

தம்பிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கிழிச்சுப் போடு அக்கா. அம்மாவுக்குத் தெரியாண்டாம்," என்றான்.

கிழிக்க முடியவில்லை. என்ன இருந்தாலும் குழந்தை முகம். அம்மா பார்த்து முடித்து நான் சணல் போட்டுக் கட்டியிருந்த ஒரு கட்டின் நடுவே அதைச் செருகிவிட்டேன். மத்தியானம் புறவாசலில் எல்லாவற்றையும் கொளுத்தும்போது தானாக எரிந்து போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வருடமாக நினைத்து நினைத்து அழுத அப்பாமேல் அந்தக் காலையில் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லவே கூசுகிறது.

அம்மா பூசை முடிந்து வந்தாள். கழற்றிக் கிடந்த சட்டத்தைப் பார்த்தாள்.

"இத எதுக்குக் கழத்துன?"

"கரையான்."

சட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியும். தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சணலை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அம்மா, அது நீ பாத்ததுதான்."

"இன்னொருக்கா பாக்கேன்."

நான் தடுப்பதற்குள் அது அவள் கைக்கு வந்துவிட்டது. அலறப்போகிறாள் என்று பயந்தேன். அவள் போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உனக்கு மூத்தவன்," என்றாள்.

எனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். பிரசவத்திலேயே போயிருக்கும் என்று நானாக நினைத்திருந்தேன். அப்போது அவர்கள் குழித்துறையில் வாடகை வீட்டில் இருந்தார்களாம். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து என்னை எடுத்திருக்கிறார்கள். பையனை அடுத்த வீட்டு அக்காதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பிறந்த அதே வாரம் காய்ச்சல் வந்து ஒரே நாளில் போய்விட்டான். தையல் பிரிக்கிற வரைக்கும் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

"போட்டோ எடுத்தீங்களான்னு கேட்டேன். எடுக்கலன்னாரு. அவன உசுரோட ஒரு போட்டோ புடிச்சதில்ல. திருவிழாவுக்குப் புதுச்சட்டை போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோவோம்னு இருந்தோம்."

"அப்பா ஏன் பொய் சொன்னாவ?"

"நான் அப்போ புத்தி பேதலிச்ச மாதிரி இருந்தேன் மக்கா. காட்டப் பயந்திருப்பாரு. பொறவு காட்ட நேரம் வரல்ல. ஆனா எனக்குச் சந்தேகம்தான். வர முடியாம கெடந்தவ நான்தானே, எனக்காக எடுக்காம இருப்பாரா? அவரு வெளிய போற நேரமெல்லாம் பெட்டியத் துழாவுவேன். கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால பாக்கத் தோணல்ல."

குழித்துறை பஸ்ஸும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அந்த ஊரில் கால் வைக்கத் தன்னால் முடியாது என்பதால் பேசாமல் இருந்துவிட்டாளாம்.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் அந்தச் சின்னத் தலையைத் தொட்டாள்.

"அந்த அக்கா தலை சீவி விட்டிருக்கா. பவுடர் போட்டிருக்கா. என் எடத்துல இருந்து நல்லாத்தான் அனுப்பி வச்சிருக்கா."

என் பிறந்தநாளுக்கு அம்மா ஒருமுறைகூடப் பாயசம் வைத்ததில்லை. தம்பிக்கு மட்டும் வைக்கிறாயே என்று நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். அவள் மடியில் தலைவைத்து அன்று நான் அழுத அழுகையில் அதுவும் சேர்ந்திருந்தது.

அடுத்த கல்லறைத் திருநாளன்று நானும் அம்மாவும் குழித்துறைக்குப் பஸ் ஏறினோம். மெழுகுவர்த்திப் பொட்டலத்தை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் போட்டோ இப்போது புது வீட்டில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கிறது. இன்றைக்கும் பழைய போட்டோக்களைக் கழிக்க உட்கார்ந்தால், இதைப் பார்க்க வேண்டியவர் யாராவது இன்னும் பார்க்காமல் இருக்கிறாரோ என்று யோசிக்காமல் என் கை எதையும் தள்ளுவதில்லை.