அவுட் ஆகாமல் முதல் பேஸுக்கு: பாரிஸில் ஒரு பேஸ்பால் ஞாயிறு

செப்டம்பர் கடைசியில் பாரிஸுக்கு வடக்கே நடந்த பம்ப் கண்காட்சி ஒன்றுக்கு எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது. கண்காட்சி வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. திருச்சிக்குத் திரும்ப விமானம் திங்கட்கிழமை. சனிக்கிழமை கோபுரத்தையும் ஆற்றையும் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் போகலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் தங்கை வித்யாவின் மேட்சுக்குப் போனேன். பாரிஸ் போகிறவர்கள் யாரும் பேஸ்பால் பார்க்கப் போவதில்லை என்பதால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

வித்யா யாழ்ப்பாணத்துக்காரரான சுதனைக் கல்யாணம் செய்துகொண்டு பாரிஸ் வந்து எட்டு வருடமாகிறது. வீடு புறநகரில், ஓல்னே-சூ-புவாவில். சுதனுக்குப் பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் செல்போன் கடை. வித்யா ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி இரண்டு வருடத்துக்கு முன் அவளை ஒரு பேஸ்பால் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுகிற, ஞாயிறுதோறும் நடக்கிற சின்ன லீக். திருச்சியில் கிரிக்கெட் மட்டையைக்கூட ஒழுங்காகப் பிடிக்காதவள் இங்கே ஹெல்மெட்டும் கையுமாக நிற்கிறாள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஓல்னேயிலிருந்து புறநகர் ரயிலில் கார் து நோர் ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம். நான் போனபோது டிக்கெட் இரண்டரை யூரோ. அங்கிருந்து நிலத்தடி வழியாகவே லா சப்பல் மெட்ரோவுக்கு நடந்துவிடலாம். நாங்கள் வெளியே வந்து, சுதனின் கடை இருக்கும், தமிழர் கடைகள் நிறைந்த தெரு வழியாகப் போனோம். ஞாயிறு காலையிலேயே புறநகர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சாமான் வாங்க வந்திருந்தார்கள். சுதன் கடையைத் திறக்கப் போனார். குழுவின் தலைவர் வரும்வரை நாங்கள் பக்கத்துத் தேநீர்க்கடையில் காத்திருந்தோம். மரக்கறி ரோல்ஸ் ஒன்றரை யூரோ. நான் இரண்டு சாப்பிட்டேன். வித்யா ஒன்றைப் பிய்த்துத் தட்டில் பரப்பிவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். 

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இதைத் தாண்டிக்கொண்டு போனால் பின்னால் வருவது புரியாது. மைதானத்தில் வைரம் மாதிரி நான்கு மூலை. ஒவ்வொன்றும் ஒரு பேஸ். மட்டை பிடிப்பவர் நிற்கிற ஹோம் பேஸில் கிளம்பி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றி, மறுபடி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். ஒரே ஓட்டத்தில் சுற்றி வர வேண்டியதில்லை. முதல் பேஸில் நின்றுகொண்டு, பின்னால் வருபவர் அடிக்கும்போது மேலே போகலாம். பந்து எறிபவர் பிட்சர். அவர் ஒழுங்கான எல்லைக்குள் எறிந்த மூன்று பந்தை விட்டால் அவுட். மட்டையை வீசித் தவறவிட்டால் அதுவும் ஒழுங்கான பந்துக் கணக்கில்தான். எல்லைக்கு வெளியே நான்கு பந்து எறிந்துவிட்டால், மட்டை பிடித்தவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேர் அவுட் ஆனால் அந்தப் பக்கத்தின் முறை முடிந்தது.

வித்யா இந்த நடந்து போகிற ரகம். இரண்டு வருடத்தில் அவள் ஒரு பந்தைக்கூட மைதானத்துக்கு வெளியே அடித்ததில்லை. ஆனால் வெளியே போகிற பந்துக்கு அவள் மட்டையை வீசவே மாட்டாள். அதனால் அடிக்கடி முதல் பேஸில் நிற்பாள். குழுவின் தலைவர் அதை ஆட்டமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது பேர் வரிசையில் அவளைக் கடைசியில் போட்டிருந்தார்.

“கடைசில போட்டா என்ன பிரச்சினைன்னா, எனக்கு முறை வர்றதே கம்மி,” என்றாள் வித்யா. “கிரிக்கெட்ல ஓவர் தீந்துடும்ணா. இங்க பந்துக்குக் கணக்கே இல்ல. அவுட்டுக்குத்தான் கணக்கு. மூணே மூணு. அவுட் ஆகாம ஒருத்தர் நின்னா அடுத்தவருக்கு வாய்ப்பு. அதுமட்டுமில்ல, அவர் அடிச்சா நானும் ரன்னு.”

போன வாரம் தலைவர் இரண்டு முறை பந்தை மரங்களுக்கு மேலே பறக்கவிட்டாராம். அப்படி அடித்தால் அடித்தவரும் பேஸ்களில் நிற்பவர்களும் ஹோமுக்கு வந்துவிடலாம். இரண்டு முறையும் பேஸ்களில் ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய அடிகளுக்கு அடிக்கு ஒன்றாக இரண்டே ரன். தோற்றுப்போனார்கள். அன்று ராத்திரி முழுக்க வித்யா தூங்கவில்லை என்று சுதன் பிறகு சொன்னார்.

தலைவர் தேநீர்க்கடைக்கே வந்தார். பெயர் அருள். புதுச்சேரிக்காரர், தபால் துறையில் வேலை, ஐம்பதை நெருங்குகிற வயது. தோளில் மட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய பை. என் கையைக் குலுக்கிவிட்டு உட்காராமலே பேசினார். முதலில் ஆடுகிற ஆளுக்குக் காய்ச்சல். இன்னொருவருக்கு ஞாயிறு வேலை வந்துவிட்டது. சரியாக ஒன்பது பேர்தான் தேறுகிறார்கள். வித்யா இதற்காகத்தான் காத்திருந்தாள் போல. முதல் ஆளாகத் தன்னை அனுப்பும்படி கேட்டாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் குழுவில் இன்னொருவரான ஹிரோ, அதற்கடுத்து அருளே ஆட வேண்டும் என்றாள்.

அருள் மேஜையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தக்கோர். சரி. நீ மொதல்ல ஆடு. ஆனா தோத்துட்டோம்னா, இந்த வரிசைப் பேச்ச இதோட நிறுத்திக்கணும். ஒவ்வொரு ஞாயிறும் என் கிட்ட இத பேசக் கூடாது.”

“சரி,” என்றாள் வித்யா.

மெட்ரோ இரண்டாம் தடத்தில் லா சப்பலிலிருந்து நாசியோன், அங்கே முதல் தடத்துக்கு மாறிக் கடைசி நிறுத்தமான வின்சென் கோட்டை. மொத்தம் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. சுதன் மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறுதான் அந்தத் தெருவில் வியாபாரமே. இதற்கு முன் அவர் ஒரு மேட்சுக்கும் வந்ததில்லை. ரயிலில் அருள் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது வித்யா என் காதருகே சொன்னாள்: மறுபடி ஒன்பதாவது என்றால் குழுவை விட்டுவிடுவதாக முடிவு செய்துவிட்டாளாம். சுதனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். “ஸ்கூல்ல தட்டு எடுக்கறேன். வீட்ல சமைக்கறேன். இந்த ஒரு விஷயம்தான் எனக்கே தெரிஞ்சு நல்லா வருது. அத யாரும் பாக்கலன்னா எதுக்கு?”

நான் நிறுத்தங்களின் பெயரைப் படித்துக்கொண்டு வந்தேன்.

கோட்டை நிறுத்தத்திலிருந்து காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. பஸ் உண்டு, ஆனால் ஞாயிறன்று அதை நம்ப வேண்டாம். மைதானத்துக்கு அனுமதி இலவசம். உட்கார நான்கைந்து மரப் பெஞ்சுகள். பார்வையாளர்கள் முப்பது பேர் இருக்கலாம். வானம் மூடியிருந்தது, காற்று ஒரு நிலையில் இல்லை. நான் பெஞ்சில் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை, கம்பிவலையை ஒட்டி நடந்துகொண்டே இருந்தேன்.

எதிரணி முதலில் ஆடி ஒன்றும் எடுக்கவில்லை. அடுத்து எங்கள் பக்கம். வித்யா போய் நின்றாள். மட்டையை வீசவே இல்லை. நான்கு பந்து வெளியே போயிற்று. மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினாள். யாரும் கைதட்டவில்லை. அடுத்து வந்த ஹிரோ, ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர், அடித்துவிட்டுத் தானும் முதல் பேஸுக்குப் போனார். வித்யா இரண்டாவதுக்கு நகர்ந்தாள். அப்புறம் அருள் ஓங்கி அடித்தார். பந்து வேலிக்கு முன்னால் விழுந்து உருண்டது. வித்யாவும் ஹிரோவும் ஹோம் வந்து சேர்ந்தார்கள். இரண்டு ரன். போன வாரம் இதைவிடப் பெரிய அடிக்கு ஒரு ரன். எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அதற்காக எல்லாம் அவள் நினைத்தபடி நடந்தது என்று எண்ண வேண்டாம். இரண்டாம் முறை வந்தபோது பிட்சருக்கே பந்தைத் தட்டிக்கொடுத்து அவுட். மூன்றாம் முறை நடந்து போனாள், மூன்றாவது பேஸ் வரைக்கும் போனாள், அங்கேயே நிற்க மற்றவர்கள் அவுட் ஆகி முறை முடிந்துவிட்டது. பேஸுக்குப் போனால் ரன் நிச்சயம் என்றில்லை. போகாவிட்டால் ரன் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இதற்குள் எதிரணி ஐந்து எடுத்துவிட்டது. எங்களுக்கு மூன்று.

இந்த லீக்கில் ஏழு சுற்று, சுற்றுக்கு இரு பக்கமும் ஒரு முறை. ஏழாவதில் எங்கள் முறை தொடங்கும்போது சுதன் வந்து சேர்ந்தார், கடைச் சாவி இன்னும் கையில். வந்த வேகத்தில் இரண்டு பேர் அவுட். அடுத்து வித்யா. அவள் அவுட் என்றால் மேட்ச் முடிந்தது.

ஒழுங்கான பந்து இரண்டு, வெளிப் பந்து மூன்று என்று வந்து நின்றது. அடுத்த பந்தைத் தொட்டு வெளியே தள்ளினாள். அதற்கடுத்ததையும். அப்படி ஓரமாகத் தட்டிவிட்டால் கணக்கு மாறாது. பெஞ்சிலிருந்து யாரோ அடி, அடி என்று பிரெஞ்சில் கத்தினார்கள். நான் கம்பிவலையைப் பிடித்திருந்தேன். பிட்சர் எறிந்தார். தாழ்வாக வந்தது. வித்யா அசையவில்லை. நடுவர் கையைத் தூக்காமல் முதல் பேஸைக் காட்டினார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் அடித்து முடித்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.  சுதன் என் பக்கம் திரும்பினார்.

“அவ அடிக்கிறேல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம், அண்ணை. இப்ப அவ அவுட்டாகியிருந்தா நாங்கள் வீட்டை போயிருப்பம். அதை ஒருத்தரும் சொல்லுகினம் இல்லை.”

ஹிரோ அடித்தார். வித்யா இரண்டாவதைத் தொட்டு மூன்றாவதுக்கே ஓடிவிட்டாள். அருள் வந்தார். இரண்டாவது பந்து, இடது பக்கம், நீளமான அடி. இருவரும் ஓடி வந்தார்கள். ஐந்துக்கு ஐந்து. இப்போது எல்லோரும் கைதட்டினார்கள். அருளுக்குத்தான். நான் அவளுக்குத் தட்டினேன். அதற்கடுத்த ஆள் அவுட்.

சமன் என்றால் இன்னொரு சுற்று. எதிரணி ஒரு ரன் எடுத்தது. எங்கள் பக்கத்தில் ஐந்தாவது ஆளிலிருந்து தொடர வேண்டும். வித்யாவின் முறை வெகு தூரத்தில் இருந்தது. அவள் வெளியே நின்று கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள். ஒருவர் பேஸுக்குப் போனால் போதும், ஆட்டம் உயிரோடு இருக்கும். ஐந்தாவது ஆள் முதல் பந்தையே வானத்துக்கு அடித்தார், பிடித்துவிட்டார்கள். ஆறாவது ஆள் காலருகே வந்த பந்துக்கெல்லாம் மட்டையை வீசி அவுட். ஏழாவதும் அப்படியே. ஒரே அடியில் கதையை முடிக்க வேண்டும் என்று மூன்று பேரும் நினைத்தது வலைக்கு வெளியே இருந்த எனக்கே தெரிந்தது. ஆறுக்கு ஐந்து. தோற்றோம்.

தூறல் ஆரம்பித்தது. வித்யா பையைக் கட்டினாள். காலையில் அருள் போட்ட நிபந்தனையை நான் சொன்னதும் சுதன் கோபமாக அவரை நோக்கிப் போக, வித்யா சுதனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பேச்சு என்றால் பேச்சு என்று மட்டும் சொன்னாள்.  நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

அருள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார்.

“கடைசி மூணு பேரும் என்ன மாதிரியே அடிக்கப் பாத்தாங்க,” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அப்புறம் நிமிர்ந்தார். “வித்யா, நீ பேசக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் கேக்கக் கூடாதுன்னு சொல்லல. அஞ்சாவது எடத்துல யாரப் போடலாம்?”

 அவள் என்னைப் பார்த்தாள், சுதனைப் பார்த்தாள்.

“ரெபெக்காவ,” என்றாள், இன்று வரிசையில் கடைசியாக ஆடியவளைக் காட்டி. “அவளும் பெருசா அடிக்க மாட்டா. ஆனா அவசரப்பட மாட்டா.”

அருள் தலையாட்டிவிட்டு அடுத்த கயிற்றை அவிழ்த்தார். வாழ்த்து, கைகுலுக்கல் எதுவும் இல்லை. காட்டுக்குள் கோட்டை வரை நடக்கும்போது இருவரும் எனக்கு முன்னால், மழையில், எட்டாவது ஆள் ஏழாவதாக வரலாமா என்று வாதாடிக்கொண்டே போனார்கள். சுதன் பின்தங்கி என்னோடு நடந்தார். கடையைப் பூட்டியதில் இன்று வியாபாரம் போச்சு என்றார், வருத்தமில்லாமல்.

நீங்கள் போவதாக இருந்தால்: வசந்தத்தின் தொடக்கத்திலிருந்து இலையுதிர் காலம் வரை ஆட்டம் நடக்கும், மழை பெய்தால் ரத்து, அதனால் காலையில் ஒருமுறை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மைதானத்தில் சாப்பிட ஒன்றும் கிடைக்காது. லா சப்பலில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கொத்து ரொட்டி எட்டு யூரோ, இரண்டு பேருக்குப் போதும். குடை அவசியம். கிரிக்கெட் பழக்கத்தில் பவுண்டரிக்காகக் காத்திருக்காதீர்கள். ஒருவர் அடிக்காமல் நடந்து போகும்போது சலிப்பு வரும், எனக்கும் வந்தது. அந்த நேரத்தில் யார் எந்தப் பேஸில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய அடிக்கு எத்தனை ரன் என்பதை, அந்த அடிக்கு முன்னால் அவுட் ஆகாமல் போய் நின்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

திருச்சிக்கு வந்த அடுத்த ஞாயிறு இரவு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரான்சில் சாயங்காலம் ஆனதும் வித்யாவே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். எடுத்த எடுப்பில், “அண்ணா, மூணு தடவ முதல் பேஸுக்குப் போனேன்,” என்றாள். ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதை நான்தான் கேட்க வேண்டியிருந்தது.