செவ்வாய்க்குப் போனவர்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய புத்தகக் கடையில், பைண்டு செய்த ஒரு தொடர்கதையைப் பிரித்தேன். அச்சான ஆண்டு இருந்த பக்கம் கிழிந்திருந்தது. ஆனால் பசை வாடையிலேயே கதை நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு யோகி உடலைக் குகையில் கிடத்திவிட்டு, ஆவியாகச் செவ்வாய் கிரகத்துக்குப் போகிறார். அவர் திரும்பும்வரை உடலை யாரும் தொடக்கூடாது. ராஜபாளையம் வீட்டில், மில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு உட்கார்ந்து இதை எங்களுக்கு வாசிப்பார்.

அப்பா மாரடைப்பில் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவரைப் பாடையில் வைக்கத் தூக்கியபோது ஐந்து வயதுத் தங்கை ஓடிவந்து மறித்தாள்.

"தொடாதிய! அப்பா செவ்வாய்க்குப் போயிருக்காவ!"

கதை தெரியாத அத்தையின் காதில் அது கிழமையாகத்தான் விழுந்தது. "ஆமாட்டி, செவ்வாய்க்கு வந்துருவாவ. சித்த வழி விடு" என்று அவளை அணைத்துக்கொண்டார். தங்கை நம்பி விலகினாள்.

செவ்வாய்க்கிழமை அத்தை அவளுக்குப் பால்கோவா வாங்கி வந்தார். அவள் கை நீட்டவில்லை.

"அப்பா திரும்பி வந்தா எதுக்குள்ள போவாவ, அத்த?" என்றாள். "நீங்கதான் எரிச்சுட்டியளே."