கடைசியாகக் கிளம்புகிறவர்

பெரம்பலூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் இறந்த செய்தி அவருடைய சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குப் போய்ச் சேரும் முன்பே என் கடைக்கு வந்துவிடும். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படமும் பெயரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சென்ற மாதம் ஒரு காலையில் அப்படித்தான் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் அரியலூர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்; எனக்கும் படத்தில் இருப்பவருக்கும் பழக்கம் உண்டென்று அவருக்குத் தெரியாது. கணினித் திரையில் படம் மேலிருந்து கீழாக மெல்லத் திறந்தது. நெற்றியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மங்கை டாக்டர்.

எதிர்பார்த்த செய்திதான். அதற்கு முந்தைய வாரம்தான் பஷீர் பாயும் நானும் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். ஆனாலும் எதிர்பார்த்த செய்தி மெதுவாக வரும் என்று ஏனோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரைத் தப்பாக எழுதி அனுப்பியிருந்தார்கள். மங்கையர்க்கரசி என்று திருத்தி, நானே அச்சடித்தேன். முடித்த பிறகுதான் பாய்க்குப் போன் செய்தேன். மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் போனில் வெகுநேரம் கேட்டது.

அரியலூர் மாவட்டத்தில் ஆடு மாடு வைத்திருக்கும் வீடுகளில் அவரை மாட்டு டாக்டரம்மா என்றுதான் சொல்வார்கள். நடுச்சாமத்தில் வந்து கன்று எடுத்துப் போட்டதையும், ஊசி போட விடாமல் துள்ளிய காளையை அதட்டி நிறுத்தியதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். வேலை அங்கே என்றாலும் வீடு பெரம்பலூரில்தான். எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டிய மங்கை டாக்டர். அந்த மங்கை டாக்டரை அறிந்தவர்கள் இரண்டே பேர்: நானும் சின்ன வெங்காய மண்டி வைத்திருக்கும் பஷீர் பாயும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு அந்தப் பாதியையும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று பேரும் தனித்தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். விடிகாலையில் அரும்பாவூர் ரோட்டில் ஒரே டீக்கடையில் நிற்கப்போய்ப் பழக்கமானோம். டாக்டருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, கல்லூரி நாளிலிருந்தே ஓட்டுகிறவர். பஷீர் பாய்க்கு அவரைவிட வயது அதிகம், எடையும் அதிகம். சர்க்கரை ஏறிப்போய் வைத்தியர் சைக்கிள் ஓட்டச் சொன்னார் என்று மகன் கியர் வண்டி வாங்கிக் கொடுத்திருந்தான். நான் இரண்டுக்கும் நடுவில். சேர்ந்து ஓட்டலாமே என்று முதலில் சொன்னது நான்தான். சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு சேர்ந்து ஓட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அரியலூர் ரோட்டில் கிளம்புவோம். ஊர் எல்லை தாண்டியதும் டாக்டர் முன்னால் போய்விடுவார். சிமென்ட் லாரி ஒன்று தாண்டிப் போகும். தூசி அடங்கிப் பார்த்தால் அவருடைய முதுகு புள்ளியாகத் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. திரும்பினால் பாயையும் காணோம். எதிர்காற்றில் நான் மட்டும் மிதித்துக்கொண்டிருப்பேன். முன்னால் இருப்பவர் நிற்பார், பின்னால் இருப்பவருக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். நடுவில் இருப்பவனுக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பக்கத்துப் புகாரும் அவனிடம்தான் வரும். அவரைக் கொஞ்சம் முடுக்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்வார். டாக்டரம்மாவைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள் தம்பி என்று பாய் சொல்வார்.

டாக்டர் பொறுமை இல்லாதவர் என்று இதைப் படித்து நினைத்துவிட வேண்டாம். காத்து நின்றால் அவருக்குக் கால் இறுகிவிடும். மெதுவாக ஓட்டினால் முட்டி வலிக்கும். வாரத்தில் ஆறு நாள் கொட்டிலிலும் சாணியிலும் நின்றுவிட்டு, ஏழாம் நாள் ஒருவர் தன் முழு வேகத்தில் போக ஆசைப்பட்டால் அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பாயின் பக்கமும் அப்படித்தான். தன்னால் இரண்டு பேருடைய காலைப்பொழுதும் வீணாகிறதே என்ற நினைப்பே அவரை இன்னும் மெதுவாக்கியது.

ஒரு ஞாயிறு எறையூர்ப் பக்கம் போனபோது, இன்றைக்கு நான் பாய்க்குப் பின்னாலேயே வருகிறேன் என்று டாக்டர் முடிவு செய்தார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போகும் ரோடு. பின்னாலிருந்து அவர் சொல்லிக்கொண்டே வந்தார்: கியரை மாற்றுங்கள், தோளைத் தளர்த்துங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள், முழங்கால் வெளியே போகிறது. எல்லாம் சரியான விஷயங்கள்தான். பாய் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே மிதித்தார். பிறகு பிரேக் பிடித்துக் காலை ஊன்றி நின்று, திரும்பாமலே சொன்னார்.

"டாக்டரம்மா, நான் மாடு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து டாக்டர் வேறு முறை ஒன்று வைத்துப் பார்த்தார். முன்னால் வேகமாகப் போய்விட்டு, நிற்காமல் திரும்பி பாய் இருக்கும் இடம்வரை வருவார். மறுபடியும் முன்னால் போவார். அவருக்குத் தூரமும் கிடைத்தது, காலும் இறுகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அவர் எதிரே வரும்போதும், காணாமல் போனவனைத் தேடிக் கூட்டிப்போக ஆள் அனுப்பியது மாதிரி இருக்கிறது என்று பாய் என்னிடம் சொன்னார். அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லும் விதம் எனக்குத் தெரியவில்லை.

பச்சைமலை அடிவாரத்து ஏற்றத்தில் அந்த முறையும் உடைந்தது. இறங்கி இறங்கி மறுபடி ஏற முடியாத ஏற்றம் அது. டாக்டரும் நானும் ஏறி மேலே நின்றோம். வெகுநேரம் ஆகியும் பாய் வரவில்லை. போன் அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் டாக்டருக்குக் கோபம் வந்தது. பிறகு சட்டென்று முகம் மாறி, சர்க்கரை இறங்கி எங்காவது விழுந்து கிடக்கிறாரோ என்றார். இறக்கத்தில் அவர் போன வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரோட்டோரம் ஒவ்வொரு பாலத்தடியிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே, பெரம்பலூரில் பாயின் வீடுவரை வந்துவிட்டோம். பாய் கூடத்தில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். கோபமே இல்லாமல், வெங்காயத்தின் விலையைச் சொல்வது மாதிரி சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு எடத்துல நிக்கிறீங்க. நான் மூச்சு வாங்கிக்கிட்டு அங்க வந்து சேர்றேன். நான் வந்ததும் கெளம்பிடுறீங்க. ஓய்வெடுக்கறதெல்லாம் நீங்க, நிக்காம ஓட்டறது நான். யாருங்க இதுல வேகமான ஆளு?"

டாக்டர், பாயின் மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "சரிதான் பாய். எனக்கு அது தோணவே இல்ல" என்றார். அவ்வளவுதான். சமாதானம், விளக்கம் எதுவும் இல்லை. தன்மேல் பிழை இருப்பதாகத் தெரிந்துவிட்டால் அதை ஒரே வாய் மருந்து மாதிரி விழுங்கிவிடும் ஆளை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே அவர் என்னையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போய் பாயிடம் ஒரு திட்டம் சொன்னார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால்தான் இந்தச் சிக்கல். பாய் எப்படியும் விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்துவிடுகிறார். தொழுதுவிட்டு அவர் முதலில் கிளம்பட்டும். கொஞ்சம் கழித்து நான். வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, கடைசியாக டாக்டர். போய்ச் சேரும் இடம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். அப்படியென்றால் சேர்ந்து ஓட்டுவது எங்கே போயிற்று என்று நான் கேட்டேன்.

"ஒட்டிக்கிட்டே ஓட்டுனாதான் சேர்ந்து ஓட்டறதுன்னு யாரு சொன்னா கதிர்? நம்ம பின்னால ஒருத்தர் வராங்கன்னு தெரிஞ்சா போதாதா?"

எனக்கு அப்போது அது சமாளிப்பாகத்தான் பட்டது. ஓட்டிப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. முன்னால் பாய் போகிறார், பின்னால் டாக்டர் வருகிறார் என்ற நினைப்பிலேயே கால் தானாக மிதித்தது. பாய்க்கு, முதல்முறையாக யாரும் அவருக்காக நிற்கவில்லை. டாக்டருக்கு, முதல்முறையாகத் துரத்திப் பிடிக்க முன்னால் ஆள் இருந்தது. பல நாள் பாதி வழியிலேயே இருவரையும் பிடித்துவிடுவார். தாண்டும்போது ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். மணியை ஒரே ஒரு தட்டு தட்டுவார்.

உடையார்பாளையம்வரை போன ஒரு ஞாயிறு அவரால் பாயைப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாய் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டீ குடித்து முடித்திருந்தார், சட்டை வியர்வை காய்ந்திருந்தது. டாக்டர் இறங்கி வண்டியைச் சாய்ப்பதற்குள் பாய் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "கெளம்பலாமா?" என்றார். டாக்டர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் பெரிய பயணம் கங்கைகொண்ட சோழபுரம். அதற்காகவே பல மாதம் தயாரானோம். ஜெயங்கொண்டம் முந்திரிக் காடுகளைத் தாண்டி பாயும் நானும் போய்ச் சேர்ந்து, கோயில் புல்தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் வரவில்லை. டியூப் பஞ்சராகியிருக்கும் என்றார் பாய். வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், எதிர்காற்று அதிகம் என்றார். அன்று காற்றே இல்லை. மரத்து இலைகூட அசையவில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். திரும்பும்போது டாக்டர் தன் வண்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்.

சினைப்பையில் புற்று. கண்டுபிடித்தபோது பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, அதன்பிறகு மருந்து ஏற்றுவது, முடி கொட்டியது எல்லாம் அவர் வீட்டார்தான் சொல்ல வேண்டியவை. எங்களிடம் அவர் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. போன் செய்தால், எத்தனை தூரம் போனீர்கள், பாய் எந்த இடத்தில் பிடிபட்டார் என்றுதான் கேட்பார். சிகிச்சைக்கு நடுவே ஒரு நல்ல வாரம் வந்தபோது என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை அரியலூர் ரோட்டில் பக்கத்திலிருக்கும் பேரளிவரை போகலாம் என்றார். நான் தயங்கினேன். கணவர் காரை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய் அங்கே நிற்பார், எல்லாம் பேசியாகிவிட்டது என்றார். அப்படியானால் நான் உங்கள் பக்கத்திலேயே மெதுவாக வருகிறேன் என்றேன்.

"கூட வராதீங்க. கூட வந்தா நான் நோயாளி. முதல்ல நான் கெளம்பறேன். நீங்க பின்னால வாங்க."

அன்று அவர் போய் வெகுநேரம் கழித்து நான் கிளம்பினேன். எனக்குப் பின்னால் பாய். பாய் கடைசியாகக் கிளம்பியது அன்று ஒரு நாள்தான். வழியில் பாய் என்னைப் பிடித்துவிட்டார். பிடித்தார் என்பதைவிட நான் மெதுவாகப் போனேன் என்பதே சரி. மானாவாரிப் பருத்திக் காட்டுக்கு நடுவே ரோடு நேராகப் போகும் இடத்தில் டாக்டர் தெரிந்தார். தலையில் துணி கட்டி, அதன்மேல் ஹெல்மெட். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி மிதிப்பதை நிறுத்தி, வண்டியை உருளவிட்டோம். அப்படியும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பாய் பிரேக்கைத் தொட்டார்.

பிரேக் சத்தம் டாக்டருக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஏமாத்தாதீங்க பாய். தாண்டுங்க."

பாய் ரோட்டின் வலப்பக்கம் ஒதுங்கி மிதித்தார். எங்கள் மூவரில் ஒரு காலத்தில் எப்போதும் கடைசியாக வந்த மனிதர், கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுக்காமல், தலையைக் குனிந்துகொண்டு டாக்டரைத் தாண்டிப் போனார். பிறகு நானும் தாண்டினேன்.

பேரளியில் டீ குடித்தோம். டாக்டர் பாதி டீதான் குடித்தார். அடுத்த மாதம் அரியலூர்வரை போகலாம் என்று பேசினார். கணவர் காரின் பின்னால் வண்டியைக் கட்டும்போது, கயிற்றை இன்னும் இறுக்கச் சொன்னார். அதன்பிறகு அவர் ஓட்டவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பலர் பேசினார்கள். எல்லாம் உண்மை. நான் வைத்துக்கொண்டிருப்பது அவரைத் தாண்டிப் போனபோது பக்கவாட்டில் பார்த்த முகம். எங்களுக்காகச் சிரிக்கவோ கையாட்டவோ அவர் முயலவில்லை. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதைச் சுற்றி அழகாக வண்டியை வளைத்து, மறுபடியும் நேராக்கி, மிதித்தார்.