அக்காவோடு பழைய கடைவீதிக்குப் போன சனிக்கிழமை

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. லீவு நாளில் பஸ் ஏறி, பக்கத்தில் ஏதாவது ஒரு பழைய ஊரில் இறங்கி, அதன் கடைவீதியில் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை நடந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். எதுவும் வாங்கப் போவதில்லை. மாடிகளைப் பார்ப்பேன். மர அழி போட்ட சன்னல், சுதையில் செய்த கிளி, பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி பதித்த அரைவட்டம். கீழே செல்போன் கவர் விற்பார்கள், மேலே நூறு வருசம் அப்படியே நிற்கும்.

என் வீட்டுக்காரருக்கு இது புரிவதே இல்லை. "கடைத்தெருவப் பாக்க எதுக்கு இன்னொரு ஊரு? பழனிசெட்டிபட்டியில இல்லாத கடையா?" என்பார். அதனால் தனியாகத்தான் போவேன். படம் எடுத்துச் சென்னையிலிருக்கும் என் அக்காவுக்கு அனுப்புவேன். அவள் ஒவ்வொரு படத்துக்கும் இதயக்குறி போடுவாள்.

போன பங்குனியில் அக்கா என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினாள். வந்த மறுநாளே, "நீ அனுப்புனியே, குதிரைத் தலை செதுக்கின கதவு, அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். அந்த ஊரின் பேரைச் சொல்லப் போவதில்லை. கம்பம் ரோட்டில் அப்படி நாலைந்து ஊர் உண்டு, எதுவாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போயாக வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. அத்தனை முறை போயிருக்கிறேனே, அந்த ஊரில் ஒரு பொம்பளை எங்கே ஒதுங்குவாள் என்று ஒருநாளும் பார்த்து வைத்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்கா கழிப்பறைப் பக்கம் போய், வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள். "இங்கன வேணாம்டி. ஊருக்குள்ள ஓட்டல் ஏதாச்சும் இருக்கும்ல." நானும் இருக்கும் என்றேன்.

முதல் கால் மணி நேரம் நன்றாக இருந்தது. ஏலக்காய்க் கமிஷன் கடைகளின் வாசனையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு பாத்திரக்கடை மாடியில் செதுக்கிய தூண்களை எண்ணினாள். அடுத்த கட்டடத்தை ஒரு காதுகுத்து பிளக்ஸ் முழுசாய் மறைத்திருந்தது. அக்கா, "மாமன்மாரு மூஞ்சி மட்டும்தான் தெரியுது" என்று சிரித்தாள். வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று எங்களைச் சுவரோடு சுவராய் ஒட்டவைத்துப் போனது. அதற்கும் சிரித்தாள். "இத்தன வருசமா இங்கனயே இருந்துக்கிட்டு, இப்பத்தான் கூட்டிட்டு வர்றே பாரு."

குதிரைத் தலைக் கதவைத் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று காட்டினேன். இரண்டு பேருமே படம் எடுத்தோம். அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்தாள். "எனக்குப் போகணும்."

டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர், "இங்கன ஏதுக்கா" என்றார். பக்கத்து ஓட்டலில் பின்பக்கம் கைகாட்டினார்கள். போனால், ஆண்கள் என்று எழுதிய ஒரே கதவு, உள்ளே ஒருவர் இருந்தார். நகைக்கடையில் செக்யூரிட்டி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, மாடியில் இருப்பது ஸ்டாஃபுக்கு மட்டும்தான் என்றார். ஜவுளிக்கடையில் வெறுங்கையோடு கேட்க அக்காவுக்குக் கூச்சம். தேவையே இல்லாமல் ஒரு உள்பாவாடை எடுத்துவிட்டுக் கேட்டாள். பில் போட்ட பெண், "மோட்டார் ஓடல ஆன்ட்டி. தண்ணி இல்ல, பூட்டிட்டோம்" என்றது. அதுவும் காலையிலிருந்து போகாமல்தான் உட்கார்ந்திருக்கும் போல, குரலில் அப்படி ஒரு சலிப்பு.

மார்க்கெட் ஓரத்தில் கட்டணக் கழிப்பிடம் என்று பெரிய போர்டு. ஓட்டமும் நடையுமாய்ப் போனோம். பூட்டியிருந்தது. எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்தவர், "சாவி வச்சிருக்கிறவரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்காக. சாப்புட்டுத்தான் வருவாக" என்றார்.

அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. மிளகாய் மூட்டை மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "என்னால முடியலடி" என்று அழுதாள். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். நடுக்கடைவீதியில் நின்று அழுகிறாள், நாலு பேர் பார்க்கிறார்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இந்தத் தெருவைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். பூட்டை ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

வேறு வழி தெரியாமல் அக்காவைக் கைத்தாங்கலாய் நடத்திக்கொண்டு அந்தக் குதிரைத் தலை வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, கையில் அரிசி முறத்தோடு ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் பாதி சொல்வதற்குள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார். "வாங்க ஆத்தா, செருப்பெல்லாம் கழட்ட வேணாம், அப்படியே வாங்க."

அந்த வீட்டுக்குள் போக எத்தனை வருசமாக ஆசைப்பட்டிருக்கிறேன். தேக்குத் தூண்களைத் தாண்டினோம், கம்பிவலை போட்ட முற்றத்தைத் தாண்டினோம், வாஷிங் மெஷின், தண்ணீர் டிரம், சைக்கிள் எல்லாவற்றையும் தாண்டினோம். எதையும் நின்று பார்க்க முடியவில்லை. கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருந்தது. வானம் பார்த்த அறுபது எழுபது அடி நடந்துதான் போகவேண்டும்.

அக்கா உள்ளே போனபின் நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அந்த அம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான எதுத்தாப்புல நின்னு படம் பிடிப்பீக? மாடி சன்னல்ல இருந்து பாத்திருக்கேன். இன்னைக்கும் பிடிச்சீக."

எனக்கு முகம் சுட்டது. ஆமாம் என்றேன்.

"வர்றாக, பிடிக்கிறாக, போயிர்றாக. கதவத் தட்டி ஒரு வார்த்த கேட்டவுக இல்ல. போன மாசம் ஒரு கல்யாண ஜோடிய நம்ம வாசப்படியில உக்கார வச்சு ஒரு மணி நேரம் படம் பிடிச்சாக. நான் காய் வாங்கிட்டு வந்து வெயில்ல நிக்கேன். 'ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க, பிரேம்ல விழுறீங்க'ன்னு சொல்றான் கேமராக்காரன். என் வீடு, என் வாசல்."

அவரே தொடர்ந்தார். இந்த வீட்டில் இரண்டு பங்காளிக் குடும்பம். இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே கழிப்பறைதான். வீட்டுக்குள் ஒன்று கட்டலாம் என்றால், இருக்கிற சுவரை இடிக்க எதிர்ப்பங்கு சம்மதிப்பதில்லை. "ஐப்பசி மழையில நனைஞ்சுக்கிட்டுத்தான் போகணும். முழங்கால் வலியோட. இதெல்லாம் படத்துல விழுகாதுல்ல?"

பேசும்போதே என் கண் மேலே போய்விட்டது. முற்றத்தைச் சுற்றி மரத்தில் செதுக்கிய அன்னங்கள், ஒன்றின் வால் அடுத்ததன் அலகில். என் கை தானாக என் தோள்பையிலிருந்த போனைத் தொட்டது. அவர் கவனித்துவிட்டார்.

"உள்ள எடுக்காதீக" என்றார். கடுமையாக இல்லை. ஆனால் கண்டிப்பாக. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா கொடுத்த மோரைக் குடித்தாள். இரண்டு பேரும் முழங்கால் வலித் தைலம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள், நான் ஒருத்தி அங்கே இல்லாததுபோல. கிளம்பும்போது அக்கா அவர் கையை விடவே இல்லை.

கோயில் பக்கத் தெருவை இன்னும் பார்க்கவில்லையே என்றேன். "நீ பாரு. நான் பஸ் ஏறுறேன்" என்றாள். நானும் கூடவே ஏறினேன். பஸ் சின்னமனூர் தாண்டியதும், "உனக்கு அந்தத் தெருவுல கட்டடம் மட்டுந்தாண்டி கண்ணுக்குத் தெரியுது" என்றாள். மறுத்துப் பேச வாயெடுத்தேன். கண்டக்டர் வந்துவிட்டார், அத்தோடு போனது.

திங்கட்கிழமை ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்தக் கழிப்பிடம் யார் பொறுப்பு என்று போன்போட்டு விசாரித்தேன். ஒருவர் இன்னொருவர் நம்பரைத் தந்தார், அவர் மூன்றாமவர் நம்பரைத் தந்தார். மூன்றாமவர், "எழுதிக் குடுங்க மேடம்" என்றார். எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் திரும்பி வந்தது.

ஆடியில் மறுபடியும் போனேன், தனியாக. பெரிய போர்டும் பூட்டும் அப்படியே இருந்தன. நேரே அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். வேட்டி கட்டிய ஒருவர் திறந்தார். எதிர்ப்பங்குக்காரர் போலிருக்கிறது. அந்த அம்மா மகள் வீட்டுக்குக் கூடலூர் போயிருக்கிறார், வர ஒரு மாதம் ஆகும் என்றார்.

"என்ன விசயமா வந்தீக?"

"சும்மாதான். பாத்துட்டுப் போகலாம்னு."

"வீட்டையா, அவுகளையா?"

அவர்களைத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. கதவைப் பாதி சாத்திக்கொண்டு, நான் தெரு முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.