பேச்சு நின்ற ஆறு கணினிகள்

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சுங்கை வேயில் ஒரு கடை வரிசையின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மற்ற அலுவலகங்களின் கணினிகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வது என் வேலை. கணினிக்குள் இருக்கும் ஒலி, கேமரா, அச்சுப்பொறி என்று ஒவ்வொன்றையும் இயக்க ஒரு சிறிய மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். புது டிரைவர் வந்தால் என் திரையில் ஒரு பட்டியலாகத் தெரியும். நான் சம்மதம் கொடுத்தால் அது அந்தந்தக் கணினிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்டிக்கு அம்மா இதை எப்படிச் சொன்னாரோ, அவர் ரொம்ப நாள் நான் லோரி டிரைவர்களுக்கு வேலை ஏற்பாடு செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு சிறிய தட்டச்சு அலுவலகம். கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவர்கள் தொழில். அங்கே வேலை செய்த ஆறு பேருக்கும் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருளைக் காதில் கேட்டுக்கொண்டே விரல்களால் வேலை செய்வார்கள். அந்தக் குரல் ஓடுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது.

அந்த ஆறு பேரில் மூத்தவர் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். பத்தொன்பது வயதில் பார்வை போனது என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கணினியில் எது கோளாறானாலும் மற்றவர்களுக்காக அவர்தான் என்னைக் கூப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பட்டியலைத் திறந்தேன். எல்லாக் கணினிகளும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன என்று மாத அறிக்கையில் காட்ட வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் கணினிகளுக்கு ஒரு புது ஒலி டிரைவர் காத்திருந்தது. எங்கள் அலுவலகத்துக் கணினி ஒன்றில் முதலில் போட்டுப் பார்த்தேன். பாட்டு ஒழுங்காகக் கேட்டது. ஆனால் எங்களுடையது புது மாடல். அவர்களுடையது பழசு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்துப் பார்க்கவில்லை. 'அடுத்த முறை தொடங்கும்போது பழைய டிரைவரை நீக்கிவிடு' என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டுவிட்டு, சம்மதம் கொடுத்துவிட்டு, ஒரு கோப்பை மைலோ கலக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் கைப்பேசி அடித்தது.

"தங்கச்சி, என் கம்ப்யூட்டர் ஊமையாயிடுச்சு லா. பாதி வாக்கியத்துல நின்னுபோச்சு. இங்க ஆறு பேருக்கும் அப்படித்தான்."

"பதறாதீங்க அக்கா. எல்லாரையும் ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

அவர் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன்: "ஆயிடுச்சா அக்கா? ஸ்கிரீன்ல இப்ப என்ன தெரியுது?"



"என்கிட்டயா கேக்குற?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "அஞ்சு பேரும் ரீஸ்டார்ட் பண்ணிட்டாங்க. பேச்சு வரல. நான் மட்டும் பண்ணல" என்றார்.

"ஏன் அக்கா?"

"காலையிலேருந்து அடிச்ச ஃபைல் திறந்திருக்கு. சேவ் குடுத்தேன். ஆச்சா இல்லையான்னு அது சொல்லல. அது சொல்லாம நான் ஒரு கீயையும் தொட மாட்டேன். கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்."

நான் இங்கிருந்தே அவர்கள் கணினிக்குள் நுழைந்து சரிசெய்திருக்கலாம். ஆனால் அந்த அலுவலகத்து ஒலிப்பதிவுகள் ரகசியமானவை. அதனால் வெளியிலிருந்து யார் நுழைந்தாலும், அந்தக் கணினியில் இருப்பவர் திரையில் வரும் ஒரு பொத்தானை அழுத்தி அனுமதிக்க வேண்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். இப்போது அந்தப் பொத்தான் வந்ததா, எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லக் குரல் இல்லை. கீழே பூக்கடையிலிருந்து யாரையாவது கூப்பிடலாமா என்று கேட்டேன். "வெளியாளை உள்ள விடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றார். கண் தெரிந்த மேனேஜர் செலாயாங்கில் ஒரு வேலையாகப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார்.

என் கணினியிலும் அனுமதி கேட்கும் அதே பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, இன்னொருவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இரண்டு தடவை டேப், பிறகு என்டர் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு வேலை செய்தது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. வேறு ஏதோ பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது என்று தோன்றியது. எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நானே வரேன் அக்கா" என்று கிளம்பினேன்.

வாசலில் பாஸ் நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "நம்ம அனுப்பினதுன்னு வாயத் திறக்காத. அப்டேட் தானா வந்துச்சுன்னு சொல்லு. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும், தெரியும்ல?"

மழை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஜாம். வாடகைக் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். முன்னாலும் பின்னாலும் லோரி. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இறங்கி நடக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. டிரைவர் அண்ணன், "ஆக்சிடென் போல. அரை மணி நேரம் ஆகும் லா" என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க அந்த அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணம்தான் எனக்கு.

நான் போனபோது அப்படியேதான் இருந்தார். ஆறு பேரும் தங்கள் மேசைகளில், காதில் ஹெட்போனோடு, அசையாமல் இருந்தார்கள். ஆறு திரைகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. பேச்சு எந்த நிமிடமும் திரும்பிவிடலாம் என்று யாரும் ஹெட்போனைக் கழற்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் யாரும் போகவில்லை.

முதலில் அக்காவின் திரையைப் பார்த்தேன். 'இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதவா?' என்று ஒரு பெட்டி நின்றிருந்தது. காலை முழுக்க அவர் செய்த வேலை அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் காத்திருந்தது. சேமித்துக் கொடுத்தேன். "ஆச்சு அக்கா" என்றதும் அவர் மூச்சை விட்டதை நான் கேட்டேன்.

பிறகு மற்ற ஐந்தையும் பார்த்தேன். பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாமல் இருந்தது. பழையது இல்லவே இல்லை. நான் போட்ட டிக், நான் சொன்ன ரீஸ்டார்ட், இரண்டும் சேர்ந்து அதைத் துடைத்திருந்தன. தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் தேடினேன். இவ்வளவு பழைய மாடலுக்கு அங்கே எதுவும் இல்லை. அந்த ஐந்து பேரும் நான் தட்டுகிற சத்தத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று ஊகிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். நான் தட்டுவதை நிறுத்தினால் அறையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

அக்காவின் கணினியை யாரும் ரீஸ்டார்ட் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திறந்து பார்த்தேன். பழைய டிரைவர் அதற்குள் பத்திரமாக இருந்தது. அதை ஒரு தம்ப் டிரைவில் எடுத்து, ஒவ்வொரு கணினியாகப் போட்டுக்கொண்டே போனேன். அக்கா என் பேச்சைக் கேட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

மூலை மேசையில் இருந்த அண்ணனின் கணினிதான் முதலில் பேசியது. அவர் "வந்துச்சு" என்றார். யாரோ கை தட்டினார்கள். கடைசியாக அக்காவுடையது.

"தங்கச்சி, இது தானா வந்ததா, யாராவது அனுப்பினாங்களா?"

"தானாத்தான் வந்துச்சு அக்கா. அப்டேட்" என்றேன்.

"ஓ" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வழக்கமான பராமரிப்புக்குப் போனேன். மேனேஜர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். "அன்னிக்கு நடந்தது எப்படின்னு கண்டுபிடிச்சாச்சு. அந்த மூலையில உட்கார்றவர் அன்னிக்குக் காலையிலதான் சொந்த ஹெட்போன் கொண்டாந்து மாட்டியிருக்காரு. வெளிப்பொருள் மாட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கு. வார்னிங் லெட்டர் குடுத்துட்டேன். அதுனாலகூட ஆகியிருக்கலாம், இல்ல?"

ஒரு ஹெட்போனால் ஆறு கணினிகள் ஊமையாகாது. அதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பாஸின் முகம் கண்முன் வந்தது. "சரியாச் சொல்ல முடியாது சார்" என்றேன்.

அன்று மாலை கிள்ளான் ரயிலில் நிற்கத்தான் இடம். கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முதலில் சொன்ன பொய் என்னோடு முடிந்திருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். இப்போது அது இன்னொரு மனிதரின் கோப்பில் கடிதமாக ஏறிவிட்டது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் அந்தக் கடிதம் அங்கேயே இருக்கும். வீட்டில் அம்மா இரண்டு முறை என்ன ஆச்சு என்று கேட்டார். தலைவலி என்றேன்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் மதிய நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அக்கா வெள்ளைக் கோலோடு நடைபாதையின் மஞ்சள் கட்டங்களைத் தொட்டபடி தேநீர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். கூடவே நடந்தேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். டிக் போட்டது, சம்மதம் கொடுத்தது, பொய் சொன்னது, மேனேஜர் அறையில் மழுப்பியது, எல்லாம்.

அவர் தே தாரிக்கை ஒரு வாய் குடித்தார். "எனக்குத் தெரியும்."

"எப்படி அக்கா?"

"ஊமையாகுறதுக்கு முன்னாடி அது ஒரு அறிவிப்பு படிச்சுச்சு. 'உங்க அட்மினிஸ்ட்ரேட்டர்' வரைக்கும் படிச்சுச்சு. அதோட நின்னுபோச்சு. எங்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்னா நீதானே?"

"அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். அவருக்கு லெட்டர் வந்தது எனக்கு முந்தாநாள்தான் தெரியும். நாளைக்கு நானே மேனேஜர்கிட்டப் போறதா இருந்தேன். இப்ப நீ வந்துட்ட. எழுந்திரு, மேல போவோம்."

மேலே போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கடிதத்தை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார். பாஸுக்குப் போன் போனது. பாஸ் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கணினிகளை எல்லாம் தெரிந்தவர் வேறு யாரும் அவரிடம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் ஒவ்வொரு சம்மதத்துக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். அவர் பாதி நாள் அலுவலகத்தில் இருப்பதில்லை. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, நான் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. அதற்கு அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இனி எந்த டிரைவரும் வருவதற்கு முன்னால், நான் அங்கே வந்து, ஒரு கணினியில் திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு அதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

முதல் முறை ஒரு சனிக்கிழமை காலை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையை அணைத்து, குரலை ஸ்பீக்கரில் எனக்காக மெதுவாக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பெட்டிகளைத் தாண்டினேன். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். பொத்தான்களுக்குப் பெயரே வைக்காமல் யாரோ அந்தப் பெட்டியைச் செய்திருந்தார்கள். டேப் அழுத்தினால் "பட்டன்" என்றது. மறுபடி அழுத்தினால் "பட்டன்". இன்னொரு முறை, "பட்டன்". எது தொடர, எது நிறுத்த, எது எல்லாவற்றையும் அழிக்க என்று தெரியவில்லை. ஒன்றை அழுத்தினேன். முதல் பெட்டிக்கே திரும்பிப் போனது. மறுபடி வந்தேன். மறுபடி "பட்டன், பட்டன், பட்டன்". சுற்றிச் சுற்றி அதே இடம். கையை நீட்டித் திரையின் சுவிட்சைத் தேடினேன். அழுத்தினேன். திரை இருட்டாகவே இருந்தது.

"ஸ்கிரீன் கேபிள் என் மடியில இருக்கு தங்கச்சி" என்றார் அக்கா. "உட்காரு. நீ தொடங்கி இன்னும் இருபது நிமிஷம்கூட ஆகல."

மறுபடி உட்கார்ந்தேன். கீபோர்டின் மேல் கை வைக்கவே பயமாக இருந்தது.

வார்னிங் கடிதம் வாங்கிய அண்ணனும் அன்று வேலைக்கு வந்திருந்தார். அவரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டிருந்தேன். அப்போது "ம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தப் பெட்டி எனக்குப் பழக்கம். மூணாவது பட்டன்" என்றார் அவர் தன் மேசையிலிருந்து, தட்டுவதை நிறுத்தாமலே. "அதுக்கப்புறம் ஒரு கட்டம் வரும். அதுல டிக் போடாதீங்க."

மூன்றாவது பொத்தானை அழுத்தினேன். கட்டம் வந்தது. டிக் போடாமல் தாண்டினேன். புது டிரைவர் ஏறியது, குரல் நிற்கவில்லை. "நன்றி அண்ணே" என்றேன். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.