மூலையில் ஒரு விரல் மஞ்சள்

போன வியாழக்கிழமை காலை மஸ்கட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. மூன்றே வரி.

'புத்தகம் வந்து சேர்ந்தது. பேக்கிங் பிரமாதம். ஆனால் அட்டையின் வலது கீழ் மூலையில் மஞ்சளாக ஒரு கறை இருக்கிறதே, அது என்ன?'

கறையா? நான் அனுப்பிய புத்தகத்திலா? கையிலிருந்த காபி ஆறியது கூடத் தெரியாமல் அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் டிரங்குப் பெட்டியைத் தெரிந்திருக்கும். பள்ளி நாட்களில் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்கள் அதில் தூங்குகின்றன. வீட்டுக்கு இன்டர்நெட் வந்த பிறகுதான், இவற்றுக்காக ஏங்குகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எனக்கும் வயதாகிறது... பற்றை விட வேண்டாமா? ஒவ்வொன்றாக ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன்.

முதல் புத்தகம் கோயம்புத்தூருக்குப் போனது. ஒரு பிரவுன் கவரில் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்த்தேன். போய்ச் சேர்ந்தபோது நடுவில் மடிந்து, மூலை முறிந்து கிடந்ததாம். வாங்கியவர் போட்டோ எடுத்து, காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் இணையக் குழுவில் போட்டுவிட்டார். 'இவரிடம் வாங்கும் முன் யோசியுங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்து. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட் ராஜாராமன் எழுதினார். அவர் கேட்டது பெட்டியின் அடியில் இருந்த தீபாவளி மலரை. அதில் வரும் கதை இதுதான்: கடலுக்கடியில் ஒரு நகரம். அதன் நடுவே ஒரு கோபுரம். கோபுரத்தில் ஓயாமல் ஒரு மணி அடித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்டவர்கள் சொந்த ஊரை மறந்து அங்கேயே தங்கிவிடுவார்கள். அந்த மணியை நிறுத்த ஒருவன் தண்ணீருக்குள் இறங்குகிறான். பச்சையும் நீலமுமாக அந்தப் பக்கங்கள் இருக்கிறதே... இன்றைக்கும் பக்கத்திலிருக்கும் ஏனாத்தூருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் நான் அந்த நகரத்தில்தான் இருப்பேன். இரண்டு முறை ஸ்டாப்பை விட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை விற்க எனக்கு மனசே இல்லை.

ஆனால் ராஜாராமன் எழுதியிருந்த காரணம் என்னை அசைத்துவிட்டது. பத்து வயதில் யாரோ ஒருவர் வீட்டில் அந்தக் கதையைப் படித்தாராம். கடைசி நாலு பக்கம் கிழிந்து போயிருந்ததாம். மணி நின்றதா, போனவன் திரும்பி வந்தானா என்று தெரியாமலே முப்பது வருஷம் ஓடிவிட்டதாம். அப்படிப்பட்ட மனிதரிடம் எப்படி முடியாது என்பது? ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார். 'புத்தகத்தில் ஒரு புள்ளி கூட இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.'

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸாவது எடுத்து வெச்சிக்கோங்களேன்" என்றாள் என் மனைவி உஷா.

விரித்து அமுக்கினால் புத்தகத்தின் முதுகு விட்டுப்போகும் என்றேன். அதோடு, நூறு தடவை படித்த கதை, தலைகீழாகச் சொல்வேன் என்றும் பெருமையடித்துக்கொண்டேன்.

சரி, பேக்கிங்? பட்டுச் சேலைக்குப் பேர்போன நம் ஊரில் இருந்துகொண்டு அதற்குக் கவலைப்படலாமா? நாங்கள் வழக்கமாகச் சேலை எடுக்கும் கடையில் பார்சல் கட்டுகிறவர் செல்வி. என் வயதுதான் இருக்கும். சிங்கப்பூர், லண்டன் என்று அவர் கட்டி அனுப்பிய பட்டுகள் மடிப்புக் கலையாமல் போய் இறங்குகின்றன. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

செல்வி கைகளைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். முதலில் மல் துணி. அதன் மேல் பாலிதீன். பிறகு அவர் எடுத்ததைப் பார்த்து அசந்துவிட்டேன். தறியில் டிசைன் விழுவதற்காக வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்களே, அந்த ஜக்கார்டு அட்டைகள். பழசாகிக் கழித்துப்போட்டவை. அவற்றை நெடுக்கே ஒரு வரிசை, குறுக்கே ஒரு வரிசை என்று புத்தகத்தின் இரண்டு பக்கமும் அடுக்கினால் யானை மிதித்தாலும் வளையாது என்றார்.

நான் பூராவும் பார்த்தேனா என்றால், இல்லை. துணி சுற்றுவதற்கு முன்னால், புத்தகம் மேஜை மேல் இருந்தபோது, பக்கத்தில் யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மயில்கழுத்துச் சேலையை விரித்துக் காட்டினார்கள். பச்சைக்குள் நீலம் ஓடியது. நீலத்துக்குள் பச்சை வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது அலையடித்த மாதிரி இருந்தது... நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது புத்தகம் துணிக்குள் போயிருந்தது.

பார்சலை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு புத்தகத்தின் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வருத்தமாக இருந்தது. பற்றை விட்டவனுக்கு வரக்கூடாத வருத்தம்.

ஆகவே வியாழக்கிழமை மெயிலைப் படித்தபோது இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்தது. முகம் சிவந்தது. அடிமனசில் ஒரு சின்ன சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. கறைதானே? மன்னிப்புக் கேட்டு, 'திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும். புத்தகம் என்னிடமே வந்துவிடும்! எழுதியும் முடித்தேன். அனுப்பும் முன் செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

"கறையா?" என்றார் செல்வி. "மஞ்சள் சார் அது. முகூர்த்தச் சேலை எது போனாலும் மூலையில ஒரு விரல் வெச்சித்தான் அனுப்புவோம். உங்க புத்தகத்துக்கும் வெச்சேன்."

புத்தகத்துக்கு எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க மொகத்த அப்பிடி வெச்சிக்கினு நின்னீங்க சார். பொண்ண அனுப்பி வெக்கிற மாதிரி இருந்துச்சி. நல்லபடியா போய்ச் சேரட்டும்னு வெச்சேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. தப்பாகிவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் மஞ்சள் குழைத்த சின்னக் கிண்ணம். எத்தனையோ வருஷமாக அதைத் தொட்டுத் தொட்டு அவரது ஆள்காட்டி விரல் நுனியே மஞ்சளாக இருந்தது. அந்த விரல் வைத்ததைக் கறை என்று நான் எப்படி எழுதுவேன்?

தப்பே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதி வைத்திருந்ததை அழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன்... மயில்கழுத்துச் சேலை, என் முகம், செல்வியின் விரல், எல்லாவற்றையும். கடைசியில், 'நிபந்தனை நிபந்தனைதான். வேண்டாமென்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்' என்றும் சேர்த்தேன். அந்தத் 'தாராளமாக'வில் என் ஆசை முழுக்க இருந்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது.

'உங்கள் மெயிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மஞ்சள் வைத்து வந்ததைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டாள். புத்தகத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஓட்டை போட்ட அட்டைகளையும் தூக்கிப் போடவில்லை. ஜன்னலில் சாய்த்து வைத்தால் தரையெல்லாம் வெளிச்சப் புள்ளி விழுகிறது. கடைசி நாலு பக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை. முப்பது வருஷம் காத்திருந்தாயிற்று, என்ன அவசரம்? நீங்களும் தயவுசெய்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.'

போயிற்று. மஞ்சளால் வருமென்று நினைத்தது மஞ்சளாலேயே வராமல் போயிற்று. ஆனாலும் ஒரு நல்ல வீட்டில்தான் இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்தது.

புத்தகம் போனால் என்ன, கதை என்னிடம்தானே இருக்கிறது? நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கினேன். பச்சைத் தண்ணீர், நீலத் தெரு, கோபுரம், பாசி படிந்த படிகள். அவன் ஏறுகிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டுகிறான். அப்புறம்...

அப்புறம்?

மணியை நிறுத்தினானா? இல்லை, அதைக் கேட்டு அங்கேயே தங்கிவிட்டானா? மூன்று நாளாக யோசிக்கிறேன். பஸ்ஸில் யோசித்து இன்னொரு முறை ஸ்டாப்பையும் விட்டாயிற்று. ஜெராக்ஸைப் பற்றி உஷா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மஸ்கட் நண்பரே, அந்த நாலு பக்கத்தைச் சீக்கிரம் படியுங்கள்... எனக்கு முடிவு தெரிந்தாக வேண்டும்!