மாற்றுத் தொடர்பு எண்

உளவியல் படிக்க வருகிறவளை முதலில் கொஞ்சம் பைத்தியமாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது என்று யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விண்ணப்ப முறைக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மருத்துவ உளவியலில் முதுகலைக்கு எங்கள் நாட்டில் இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். விரிவுரையாளர்களைக் கெஞ்சிப் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். நான் ஏன் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று உருகி ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஆனால் ரொம்பவும் உருகிவிடக் கூடாது. அதன்பிறகு கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல் முறை பதிலே வரவில்லை. இரண்டாம் முறை, வருந்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் சொல்லப்போவது மூன்றாம் முறையைப் பற்றி.

அப்போது கெலாங் பாத்தாவில், சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன நிலையத்தில் உதவியாளராக இருந்தேன். கோபம் வந்தால் கத்தாமல் மூச்சை மெல்ல விடுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. சொல்லிக்கொடுத்துவிட்டு மதியம் காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் கத்துவேன்.

கத்துவதற்குக் காரையும் எழுதுவதற்குக் காரையும் தேடிப் போனதற்குக் காரணம் அம்மா. முதல் முறை விண்ணப்பித்தபோதே அவர் சட்டம் போட்டுவிட்டார். "முடிவு தெரியிற வரைக்கும் வெளிய மூச்சு விடாத. கண்ணு பட்டுரும்." அந்த முறை சித்தி மகளிடம் சொல்லியிருந்தேன். இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கூட வேலை செய்யும் பெண்ணிடம் வாய் தவறிச் சொன்னேன். அப்போதும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இதைவிட வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு என் பழைய விரிவுரையாளரிடம் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தார். விரிவுரையாளர் சீனர், அவரால் ஒன்றும் ஆகாதாம். நம்ம ஆட்களின் கண்தான் பொல்லாதது, தமிழில் விசாரிக்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அம்மா அடித்துச் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அப்படியே நடந்தும் கொண்டேன். இந்த மாதிரி நம்பிக்கைகளுக்கு நான் படித்த புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்ததால் பயம் போய்விடவில்லை.

எங்களுடையது தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடு. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா நல்லவர், ஆனால் அவர் காதும் நன்றாக இருந்தது. அதனால் படிப்பு, விண்ணப்பம், இன்டர்வியூ ஆகிய வார்த்தைகள் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தைகளாகிவிட்டன. விடுமுறை நாளில் மடிக்கணினியைத் துணிப்பைக்குள் வைத்து, சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி கிளம்புவேன். கடைத்தொகுதியின் மேல்மாடி கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து ஆய்வுத் திட்டத்தைத் திருத்துவேன். எண்ணெய் வீணாகுமே என்று இன்ஜினை அணைப்பேன். வேர்த்து வழிந்ததும் மறுபடி போடுவேன். கழுத்தில் தடிப்புத் தடிப்பாக வந்தது. கிளினிக்கில் வேலை அழுத்தமா என்று டாக்டர் கேட்டார். இல்லை, சோப்பு மாற்றினேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன். அவர் தமிழர்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. விண்ணப்பித்திருப்பது யாருக்கும் தெரியாததால், சொந்தக்காரர்கள் கண்ணுக்கு நான் சும்மா இருப்பவள். பட்டம் வாங்கி இத்தனை வருஷமாகியும் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும் வேலை, மேலே படிக்கும் எண்ணமும் இல்லை, அப்புறம் கல்யாணத்துக்கு என்ன தடை? சிகாமட்டிலிருந்து மாமா போன் செய்தார். தங்காக்கில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பமாம், பையன் தங்கமாம். அம்மாவால் படிப்பைக் காரணம் சொல்ல முடியாது, வேறு காரணமும் கிடையாது. பார்ப்போம் பார்ப்போம் என்று இழுத்தார். மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜாதகத்தை அனுப்பிவிட்டார்.  ஒரு பக்கம் திறக்காத கதவு, இன்னொரு பக்கம் எனக்காகத் திறந்து வைத்துக்கொண்டு மாமா கூப்பிடும் கதவு. நடுவில் நான் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நின்றேன்.

பதில் வர வேண்டிய மாதம் வந்தது. நிலையத்தில் பிள்ளைகள் பிடுங்கிப் போடுவார்கள் என்பதால் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் தெரியாத எண்ணிலிருந்து தவறிய அழைப்புகள், கோலாலம்பூர்ப் பக்கத்து எண். இந்தக் காலத்தில் அப்படி வரும் எண்களில் பாதி, உங்கள் பேரில் வழக்கு இருக்கிறது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுடையது. இருந்தாலும் திருப்பி அழைத்தேன். அலுவலக நேரம் முடிந்துவிட்டது, யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார், நல்ல உற்சாகத்தில் இருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சட்டம்தான் இருக்கிறதே, வீட்டுக்குள்ளும் அது கெட்ட வார்த்தை.

மறுநாள் காலையில் நிலையத்தின் கழிப்பறைக்குள் நின்று மறுபடி அழைத்தேன். பல்கலைக்கழகம்தான். ஒரு பெண் மலாயில் பேசினார். என் பெயரைச் சொன்னதும் எதையோ தட்டித் தேடினார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"நேத்து உங்க நம்பர்ல கிடைக்கலம்மா. அதான் பாரத்துல போட்டிருந்த இன்னொரு நம்பருக்கு கூப்பிட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க. நீங்க எந்த படிப்புக்கும் எழுதிப் போடல, போட்டிருந்தாலும் வரமாட்டீங்கன்னு சொல்லிட்டாங்க."

இன்டர்வியூவுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று நேற்றைக்குள் உறுதி சொல்ல வேண்டியிருந்தது. வரவில்லை என்று பதிவாகிவிட்டதால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. மாற்றுத் தொடர்பு எண் என்று கேட்டிருந்த கட்டத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டது நான்தான், வேறு யாருடையதைப் போடுவது?  அந்தப் பெண் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம், கல்யாணம் ஏதாவது முடிவாகியிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாராம். காத்திருப்போர் பட்டியலில் என் பெயரை முதலில் வைப்பதாகவும், யாராவது விலகினால் கூப்பிடுவதாகவும் சொன்னார். நன்றி சொல்லி வைத்தேன். வெளியே ஒரு பிள்ளை கதவைத் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். என் வாழ்க்கையைக் கெடுத்தது எந்தக் கண்ணும் இல்லை, நீங்கதான் என்று சொல்ல வேண்டும். சாலை நெரிசலில் காரைவிட என் வாய்தான் வேகமாக ஓடியது.

அம்மா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். தலைகள் தாளின் மேல், உடல்கள் கிண்ணத்தில். நேற்று யாராவது போன் செய்தார்களா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, நடந்ததை ரசித்துச் சொன்னார். எவளோ ஒருத்தி தேன் ஒழுகப் பேசினாளாம், பல்கலைக்கழகம் என்று பெரிய பெயரெல்லாம் சொன்னாளாம், மகள் இன்டர்வியூவுக்கு வருவாளா என்று நோண்டினாளாம். தங்காக் குடும்பம்தான் யாரையோ விட்டு ஆழம் பார்க்கிறது என்று அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டதாம். பிடி கொடுக்காமல் பேசி வைத்துவிட்டாராம்.

"அது யுனிவர்சிட்டிதாம்மா," என்றேன். "நெசமாவே யுனிவர்சிட்டி. என் இடம் போச்சு."

அம்மா சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தமிழ்ல பேசுனாளே," என்றார்.

"பேசுனா என்ன? ஆபிஸ்ல தமிழவங்க வேலை செய்யக் கூடாதா?"

"எந்த ஆபிஸ்ல இத்தன வருஷத்துல என்கிட்ட தமிழ்ல பேசிருக்காங்க? நீயே சொல்லு."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அடையாள அட்டை எடுக்கப் போனாலும், எனக்கு ஊசி போடக் கூட்டிப் போனாலும், கவுண்டர் முகப்பில் சொல்ல வேண்டிய மலாய் வாக்கியங்களை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவார். நான் மடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். முகப்பில் இருப்பவர் எதிர்பாராத கேள்வி ஒன்று கேட்டுவிட்டால் அம்மாவின் கை என் தோளை இறுக்கும். என் விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரியே அதுதான். என் அம்மாவிடம், அவர் ஐம்பது வயதைத் தாண்டியும், எந்த அலுவலகத்திலும், எந்த மருத்துவமனையிலும் தன் மொழியில் ஒரு கேள்வி கேட்கப்பட்டதில்லை என்று ஆரம்பித்திருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்களோ என்னவோ. அப்படி ஒரு கேள்வி அம்மாவைத் தேடி வந்திருக்கிறது, அவர் அதைத் துரத்தி விட்டிருக்கிறார்.

அம்மா மேல் எனக்கு அன்று வெறுப்பு வந்தது. அதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் நிம்மதியாக வெறுக்கவும் முடியவில்லை, எந்த ஆபிஸ்ல என்ற அம்மாவின் கேள்வி நடுவில் வந்து நின்றது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாதிரி மூச்சை மெல்ல விட்டுப் பார்த்தேன். பிள்ளைகளிடம் சும்மா சொல்கிறோம், கோபம் ஒன்றும் குறையவில்லை. அம்மா குனிந்து மறுபடி நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்தார். உடல்களைத் தாளில் போட்டார், தலைகளைக் கிண்ணத்தில் போட்டார். நான் திருத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேர் அந்தக் காத்திருப்பில் மாட்டிக்கொண்டோம். காத்திருப்போர் பட்டியல் பற்றி நான் சொன்னதிலிருந்து, அந்தப் பெண் மறுபடி கூப்பிடுவாள் என்று அம்மா போனைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. குளிக்கப் போனால் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளியலறைக்குள் எடுத்துப் போனார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், நாதஸ்வரச் சத்தத்தில் மணி கேட்காதாம். மாமாவுக்குத் தானே போன் செய்து, மகள் மேலே படிக்க எழுதிப் போட்டிருக்கிறாள், ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கே வேலிக்கு வந்து, ரிசல்ட் வந்துருச்சா என்று கேட்டார். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்டார். ரகசியம் போனதும் மூச்சு விடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது தாமான் முழுக்க என் பதிலுக்குக் காத்திருந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சமையலறையிலிருந்து முணுமுணுப்பு கேட்கும். "ஆமாங்க. நான் அம்மாதான் பேசுறேன். வருவா. கண்டிப்பா வருவா." பஸ்ஸில் மலாய் வாக்கியங்களைப் பழகிய அதே குரல், இந்த முறை தமிழில். அதைக் கேட்காதவள் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு போவேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தபோது, வேலை இல்லாத ஒரு நாள், நான் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாவின் போன் அடித்தது. ஈரக் கையோடு ஓடினேன். நான் போவதற்குள் அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

யார் என்று கேட்டேன்.

"அவங்க இல்ல," என்றார் அம்மா நிதானமாக. "மலாய்ல பேசுனான். அந்தப் பொண்ணு தமிழ்லதான் பேசும். அதான் வச்சிட்டேன்."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கோலாலம்பூர்ப் பக்கத்து எண்தான். கடைசி இலக்கங்கள் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தவை இல்லை, ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு போனா இருக்கும்? திருப்பி அழைத்தேன். மணி அடித்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு மெல்ல உறைப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் கை என் தோளை இறுக்கியது.

எடுத்தது ஓர் இளைஞன். வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி வேண்டுமா, இந்த மாதம் சலுகை இருக்கிறது என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் பேசி முடிக்கும் வரை காதில் வைத்துக்கொண்டு நின்றேன், வைத்துவிட்டால் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"அவங்களா?" என்று கேட்டார் அம்மா.

தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் கையை எடுக்கவில்லை.  பிறகு, புதிதாக ஒரு பாடத்தைத் தொடங்குகிறவர் மாதிரி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கண்டிப்பா வருவா அப்படின்னு மலாய்ல எப்படி சொல்றது? சொல்லிக் குடு."